லிக்விட் ஸ்க்ரீட்: ஊற்றுவது ஒரு மணி நேரம், தரையைத் தயார் செய்வது மூன்று நாள். எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

கொட்டேஷன் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பழைய மொசைக் தரையின் மேல் மரப் பலகை போலத் தெரியும் வினைல் ஒட்ட வேண்டும். அதற்கு முன் மேடு பள்ளத்தைச் சரிசெய்ய 'செல்ஃப் லெவலிங்' ஊற்ற வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, ஜி.எஸ்.டி. தனி. கடைசியில் ஒரு வரி: "ஒரே நாள்ல முடிச்சுடலாம் சார்." வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிப்பது அந்த வரிதான். அவர் நின்று யோசிக்க வேண்டியதும் அந்த வரியில்தான்.

ஊற்றும் வேலை உண்மையிலேயே சீக்கிரம் முடியும். ஒரு படுக்கையறைக்கு ஒரு மணி நேரமே அதிகம். ஆனால், ஊற்றிய கலவை தரையைப் பிடித்துக்கொண்டு நிற்குமா, இல்லை ஆறு மாதத்தில் டொக்கு விழுந்து பெயர்ந்து வருமா என்பது ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தரையைச் சுரண்டுவது, தூசியை உறிஞ்சி எடுப்பது, ஈரம் பார்ப்பது, ஓட்டைகளை அடைப்பது, பிரைமர் பூசிக் காயவிடுவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு மூன்று நாள் ஆகும். பெரும்பாலான கொட்டேஷன்களில் இவற்றுக்கென்று தனி வரி இருப்பதில்லை. இருந்தாலும், பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது அந்த வரிதான்.

இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். காசு கொடுப்பவர் கேட்டால்தான் இது மாறும்.

ஸ்க்ரீட் என்றால் என்ன?

கான்கிரீட் ஸ்லாப்புக்கும் நாம் நடக்கும் மேல் தளத்துக்கும் நடுவில் போடும் மட்டக் கலவைதான் ஸ்க்ரீட். கொத்தனார் சிமெண்டும் மணலும் கலந்து கொட்டி, மட்டக்கோலால் இழுத்து, கரணையால் தேய்ப்பாரே, அதுவும் ஸ்க்ரீட்தான். அதையே தோசை மாவு பதத்தைவிட நீர்க்கக் கரைத்து, தானாகப் பரவும்படி ஊற்றினால் லிக்விட் ஸ்க்ரீட்.

இது ஐரோப்பாவில் பரவியதற்கு ஒரு காரணம் குளிர். அங்கே பல வீடுகளில் தரைக்குள்ளேயே வெந்நீர்க் குழாய்களை வளைத்து வளைத்துப் பதித்து அறையைச் சூடாக்குவார்கள். குழாயைச் சுற்றி இடுக்கு விடாமல் கலவை நிரம்பினால்தான் சூடு சீராக மேலே வரும். கெட்டிக் கலவையைவிட, பம்ப் வைத்து ஊற்றும் கலவை அதற்குத் தோதானது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இதற்குப் பெருமளவு பயன்படுவது ஜிப்சம் குடும்பத்தைச் சேர்ந்த கால்சியம் சல்பேட். கனம் 40, 50 மி.மீ. வரை போகும்.

நம் ஊர் ஃபிளாட்களில் 'லிக்விட்' என்று சொல்லி ஊற்றப்படுவது பெரும்பாலும் அதன் தம்பி. சிமெண்ட் அடிப்படையிலான தூள், மூட்டையில் வரும். அளந்த தண்ணீரில் கலந்து சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுவார்கள். ஒரு சதுர மீட்டருக்கு, 1 மி.மீ. கனத்துக்கு, ஏறத்தாழ 1.7 கிலோ தூள் பிடிக்கும். 100 சதுர அடி அறையில் 5 மி.மீ. ஊற்ற 80 கிலோ வரை வேண்டும். 25 கிலோ மூட்டை என்றால் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் கொட்டேஷனில் இருக்கும் மூட்டைக் கணக்கை இதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அண்ணன், தம்பி இரண்டுக்கும் கீழே இருக்கும் தரையிடம் எதிர்பார்ப்பு ஒன்றுதான். சுத்தமாக, உறுதியாக, காய்ந்து, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும்.

பெருக்கினால் சுத்தம் ஆகிவிடாதா?

ஆகாது. கட்டுமானம் முடிந்த தரையில் கண்ணுக்குத் தெரியாத பல படலங்கள் இருக்கும். சுவர்ப் பூச்சின்போது விழுந்த கலவைச் சிதறல், ஃபால்ஸ் சீலிங் வேலையில் கொட்டிய ஜிப்சம் தூள், பெயிண்ட், புட்டி, தச்சர் ஊற்றிய ஃபெவிகால், பழைய மொசைக் என்றால் ஆண்டாண்டாகத் தேய்த்த மெழுகு பாலிஷ், சமையலறை என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. புதிய கலவை ஒட்டிக்கொள்வது இந்தப் படலத்தோடுதான், கான்கிரீட்டோடு அல்ல. படலம் கழன்றால் மேலே ஊற்றியதும் சேர்ந்து கழலும்.

கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம். நாலைந்து இடத்தில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் கான்கிரீட் அதைக் குடித்து, இடம் கறுத்தால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக நின்றால், அங்கே ஏதோ பூச்சு இருக்கிறது. சாவிக்கொத்தால் அழுத்திக் கீறினால் மாவு மாதிரி உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் மேல்பரப்பு பலவீனம். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே நடந்தால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும் இடங்கள் தெரியும். அந்த மொசைக் கட்டங்களையோ டைல்களையோ பெயர்த்து எடுத்துவிட்டு, பள்ளத்தைக் கெட்டிக் கலவையால் நிரப்ப வேண்டும். "மேல ஊத்தினா எல்லாம் புடிச்சுக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆட்டம் காணும் பல்லின் மேல் கேப் போடுவது மாதிரிதான் அது.

சுத்தம் செய்யும் சரியான வழி, டைமண்ட் தகடு பொருத்திய தரை கிரைண்டர் வைத்து மேல்படலத்தைத் தேய்த்து எடுப்பது. (மாவாட்டும் கிரைண்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கும், சத்தம் அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்கும். சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.) தேய்த்த தூசியை வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். விளக்குமாறு தூசியைத் துளைகளுக்குள் தள்ளிவிடும். கழுவிவிடுவது அதைவிட மோசம். காய வைக்க வேண்டிய தரைக்கு நாமே தண்ணீர் ஊட்டுகிறோம்.

அந்தத் தூசியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கான்கிரீட்டைத் தேய்க்கும்போது பறப்பதில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். வந்தால் குணப்படுத்த முடியாது. வேலைக்கு வருபவர்கள் முகத்தில் கட்டும் துண்டோ கைக்குட்டையோ அதைத் தடுக்காது. தூசி உறிஞ்சி இணைத்த கிரைண்டரும் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வகை மாஸ்க்கும் குறைந்தபட்சத் தேவை. லட்சக்கணக்கில் செலவழித்து இன்டீரியர் செய்பவர் இதைச் செலவாக நினைத்தால், அந்த வீட்டின் பட்ஜெட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது.

28 நாள் ஆயிடுச்சு, இன்னும் ஈரமா?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

கான்கிரீட்டுக்கு 28 நாள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால், அது வலிமையைச் சோதிக்கும் நாள். காய்வது வேறு கணக்கு. கான்கிரீட் வலிமை பெறத் தண்ணீர் தேவை. அதனால்தான் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம், சாக்கு போட்டு நனைக்கிறோம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்தது போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளும் நீராற்றச் சொல்கிறது. அந்தத் தண்ணீர் நிறுத்திய பிறகுதான் காயும் கடிகாரமே ஓட ஆரம்பிக்கிறது.

எவ்வளவு நாள்? கெட்டிச் சிமெண்ட் மணல் ஸ்க்ரீடுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் உத்தேசக் கணக்கு, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். 50 மி.மீ. போட்டால் 50 நாள். அதுவும் மிதமான வெப்பமும் நல்ல காற்றோட்டமும் காற்றில் ஈரம் குறைவாகவும் இருக்கும்போது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுவது சர்வசாதாரணம். துவைத்த ஜீன்ஸே மூன்று நாள் காயாத காலத்தில், அரையடிக் கான்கிரீட் எப்படிக் காயும்?

காயாத தரை மேல் ஊற்றினால் உடனே ஒன்றும் தெரியாது. ஈரம் மெல்ல மேலே ஏறும். டைல் என்றால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் ஆவியாகித் தப்பித்துவிடும். வினைலும் மரத் தளமும் மூடி போட்ட பாத்திரம் மாதிரி. ஈரம் உள்ளேயே தங்கி, பசையை இளக்கும், பலகையின் ஓரத்தைத் தூக்கும், லேமினேட் உப்பும், பூஞ்சை வாசம் வரும். தரைத் தளத்து ஃபிளாட்களிலும் தனி வீடுகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. அடியில் மண். ஈரத் தடுப்புப் படலம் போடாமல் கட்டிய பழைய வீடுகளில், எத்தனை மாதம் காய வைத்தாலும் கீழே இருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். அங்கே எபாக்சி வகை ஈரத் தடுப்புப் பூச்சு போட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரையடிக்கு ஒன்றரையடி தடித்த பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள், அதாவது குறைந்தது 16 மணி நேரம் கழித்து, பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ தரை ஈரம். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி4263 என்ற தர நிர்ணயத்தில் இருக்கும் முறை இது. ஈரம் தெரிந்தால் வேலையை நிறுத்த இது போதும். ஆனால், தாள் உலர்ந்திருப்பதாலேயே உள்ளேயும் உலர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மேல்பரப்பு காய்ந்து, அடி ஈரமாக இருப்பதுதான் கான்கிரீட்டின் குணம்.

விலை உயர்ந்த மரத் தளம் என்றால் கருவி வைத்து அளக்கச் சொல்வது நல்லது. ஒரு பக்கமாக மட்டும் காயும் ஸ்லாப் என்றால் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே உள்ள ஈரப்பதத்தை அளப்பார்கள். 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பெரும்பாலான தளங்களுக்கு ஏற்றது என்பது பொதுவான அளவு. ஆனாலும், நீங்கள் வாங்கும் தளத்தின் தயாரிப்பாளர் என்ன சொல்கிறாரோ அதுவே இறுதி. அந்தத் தாள் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வாரண்டி கேட்கப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பதும் அதில் எழுதியிருப்பதைத்தான்.

"லிக்விட்" என்ற பெயரை மறக்கக் கூடாது

தண்ணீர் போகிற இடமெல்லாம் இதுவும் போகும். ஸ்லாப்பைத் துளைத்துச் செல்லும் வடிகால் குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி, எலெக்ட்ரீஷியன் உடைத்து மூடாமல் விட்ட காடி, சுவரும் தரையும் சேரும் இடத்து விரிசல், வாசற்படி எல்லாமே வழிகள்தான். கீழ்வீட்டுக் குளியலறையின் ஃபால்ஸ் சீலிங் மேல் சாம்பல் நிறக் குழம்பு சொட்டிய பிறகு சமாதானம் பேசுவதைவிட, முதல் நாளே எல்லா ஓட்டையையும் அடைத்து, வாசலில் மரச் சட்டம் வைத்து டேப் ஒட்டுவது மலிவு. சந்தேகமான ஓட்டைகளை மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

சுவர் ஓரத்தில் மட்டும் அடைப்பது வேறு விதம். அங்கே கெட்டியாக அடைக்காமல் மெல்லிய ஃபோம் பட்டையைச் சுற்றிலும் ஒட்ட வேண்டும், தூண்களைச் சுற்றியும்கூட. கலவை இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், வெயிலில் விரியும். அசைய இடம் இல்லை என்றால் நடுவில் வெடிக்கும். பலர் இதை 'ஸ்கர்ட்டிங் வந்தா மறைஞ்சிடும், எதுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். மறைந்துவிடும் என்பதால்தானே அங்கே தைரியமாக இடைவெளி விட முடிகிறது!

ஐரோப்பிய பாணியில் வெப்பக் காப்புப் பலகை மேல் கனமாக ஊற்றுவதாக இருந்தால் இன்னும் சில வேலைகள் உண்டு. பலகை மேல் பாலித்தீன் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்து டேப் ஒட்டுவார்கள். தாளில் மடிப்பு நின்றால் அது கலவைக்குள் கத்தி மாதிரி நின்று, அந்தக் கோட்டிலேயே விரிசல் விழும். சூடேற்றும் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதித்து, தண்ணீர் நிரப்பிய நிலையிலேயே ஊற்றுவார்கள். காலியாக விட்டால் குழாய் மிதந்து மேலே வந்துவிடும். குழாய் ஒழுகுகிறது என்று ஊற்றிய பிறகு தெரிந்தால் தரையையே உடைக்க வேண்டும்.

எங்கே ஊற்றக் கூடாது?

குளியலறையிலும் பால்கனியிலும் ஊற்றக் கூடாது. அங்கே தரை வேண்டுமென்றே வாட்டமாகப் போடப்பட்டிருக்கிறது. தண்ணீர் வடிகாலை நோக்கி ஓட வேண்டும். தானாக மட்டமாகும் கலவையை அங்கே ஊற்றினால், அது தன் வேலையைச் சரியாகச் செய்து, வாட்டத்தைக் காணாமல் ஆக்கிவிடும். பிறகு ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வைப்பர் கட்டாயம். ஹாலும் பால்கனியும் சேரும் இடத்தில் எங்கே நிறுத்துவது என்பதை முதல் நாளே கோடு போட்டுக் குறித்துவிட வேண்டும். ஜிப்சம் வகையாக இருந்தால் நனையும் இடத்துக்கே ஆகாது. தொடர்ந்து ஈரம் பட்டால் அது வலிமை இழக்கும். அதன் மேல் சிமெண்ட் பசையால் நேரடியாக டைல் ஒட்டினாலும் இரண்டும் வேதிவினை புரிந்து, ஒட்டிய இடமே விட்டுப்போகும். நடுவில் பிரைமர் அவசியம்.

எடையும் பார்க்க வேண்டும். 50 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. 12-க்கு 10 அறை ஒன்றில் ஒரு டன்னைத் தாண்டிவிடும். குடியிருப்பு அறைகளுக்கு ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமையே சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோதான். பழைய மொசைக், அதன் மேல் டைல், அதன் மேல் ஸ்க்ரீட், அதன் மேல் மரம் என்று அடுக்கிக்கொண்டே போவதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டுவிடுவது நல்லது. 5 மி.மீ. ஊற்றுவதற்கு இந்தக் கவலை தேவையில்லை.

கனம் எவ்வளவு என்பதே அளந்து பார்த்தால்தான் தெரியும். ரசமட்டம் ஒரு சின்ன இடத்தைத்தான் காட்டும். அறை முழுவதற்கும் லேசர் மட்டமோ, பழைய கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூபோ வேண்டும். மிக உயரமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எவ்வளவு ஏறும் என்று சுவரில் குறிக்க வேண்டும். உயர்ந்த மேட்டைத் தேய்த்துக் குறைத்தால் மூட்டைகள் மிச்சம். கதவுகள் தரையில் உரசுமா, மெயின் டோர் நிலைப்படிக்கும் ஹாலுக்கும் இடையே தடுக்கி விழும் அளவுக்குப் படி வருமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பிரைமரும் தண்ணீரும்

பிரைமரை வெறும் பசை என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. காய்ந்த கான்கிரீட் தாகமாக இருக்கும். பிரைமர் இல்லாமல் ஊற்றினால், கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு தன் துளைகளில் இருக்கும் காற்றை மேலே தள்ளும். விளைவு, அப்பம் மாதிரி மேலெல்லாம் குமிழ் ஓட்டைகள். மொசைக், டைல் போன்ற வழுக்கும் தரைக்கு வேறு பிரைமர். மணல் துகள் கலந்து, காய்ந்ததும் சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. கேனில் எந்தத் தரைக்கு என்று எழுதியிருக்கும், படித்துப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும் நாளில் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீரை அளக்கிறார்களா? மூட்டைக்கு இத்தனை லிட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். குழம்பு கெட்டியாகத் தெரிந்தால் ஒரு மக்கு சேர்த்து ஊற்றுவது சைட் பழக்கம். அந்த ஒரு மக்கு, கனமான துகளை அடியிலும் நுரைத்த பாலை மேலேயும் பிரித்துவிடும். காய்ந்ததும் மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி உதிரும். கலந்த கலவை கால் மணி நேரம் முதல் இருபது நிமிடத்துக்குள் இறுக ஆரம்பித்துவிடும் என்பதால், அப்போது போய் ஓட்டை தேட முடியாது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வெயில் நேராக விழும் பால்கனிக் கதவுக்குத் திரை போட்டிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஊற்றுவதைவிட காலை ஆறு மணிக்கு ஊற்றுவது புத்திசாலித்தனம்.

ஏன் யாரும் செய்வதில்லை?

வேலை தெரியாததால் அல்ல. கூலி கணக்கிடும் முறை அப்படி. ஊற்றும் குழுவுக்குப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் கூலி. தரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடுதலாக ஒரு நாள் எடுத்துக்கொண்டால், அந்த நாளுக்கான கூலி அவர்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. பார்த்துப் பார்த்துச் செய்பவர் நஷ்டப்பட்டு, வேகமாக மூடுபவர் சம்பாதிக்கும் ஏற்பாடு இது. "மேஸ்திரி ஏமாத்திட்டார்" என்று புலம்புவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த வேலை காணாமல் போனதால் அது குறைந்தது என்று கேட்காதவருக்கும் அதில் பங்கு உண்டு.

அதனால் தயாரிப்பு வேலையைத் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் வேண்டாம், நாள் கூலிக் கணக்கில். கிரைண்டர் எத்தனை நாள், எந்த பிரைமர், ஈரச் சோதனை யார் செய்வது, விரிசலுக்கு என்ன போடுவது என்று எழுத்தில் இருக்கட்டும். விரிசல்களிலும் இரண்டு வகை உண்டு. பழைய, அசையாத விரிசலை எபாக்சியால் நிரப்பலாம். கட்டடமே அசைவதற்காக விட்ட இணைப்புக் கோட்டை நிரப்பக் கூடாது, மேலே வரும் கலவையிலும் அதே இடத்தில் கோடு விட வேண்டும். தயாரிப்பு முடிந்த பிறகு, நீங்கள் பார்த்து 'சரி' என்று மெசேஜ் அனுப்பினால்தான் மூட்டையைப் பிரிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். ஆபீஸில் இருந்தால் வீடியோ கால் போதும்.

பிறகு வெடித்தால் யார் பொறுப்பு?

புதிய ஃபிளாட் என்றால், 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-வது பிரிவு கைகொடுக்கும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து, நீங்கள் அதைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால், அது கட்டுநர் போட்ட தரைக்கு. சாவி வாங்கிய மறுவாரமே அதன் மேல் நீங்கள் தனியாக ஆள் வைத்து ஊற்றிவிட்டால், பிறகு வரும் விரிசலுக்கு "நாங்க குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். அதனால் ஊற்றுவதற்கு முன் வெறும் தரையை மூலைக்கு மூலை போட்டோ எடுத்து, வெற்றுச் சத்தம் வரும் இடங்களைக் கட்டுநருக்கு மெயிலில் அனுப்பிவிட வேண்டும்.

இன்டீரியர் கான்ட்ராக்டர் மீதான புகார், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடாக மாவட்ட ஆணையத்துக்குப் போகும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே போய் நிற்கும்போது, தரைக்கு அடியில் என்ன செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் உங்கள் மொபைலில் இருக்கும் படங்களும் அந்தத் தனி வரியும்தான். ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்று சொல்லிக் காசை மிச்சம் பிடித்தவர்களுக்கு இந்த இடத்தில் கையில் எதுவும் இருக்காது.

தேதி குறித்தாகிவிட்டது என்றால்?

கிரகப்பிரவேசத் தேதிதான் பல தரைகளுக்கு எமன். தை பிறந்ததும் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை முதல் தேதி 50 மி.மீ. சிமெண்ட் மணல் ஸ்க்ரீட் போட்டால், 50 நாள் கணக்கே மார்கழி மூன்றாவது வாரத்தில்தான் முடிகிறது, மழை ஒத்துழைத்தால். பிறகு ஈரச் சோதனை, பிரைமர், ஊற்றல், காய்தல், அப்புறம் பலகை. ஒரு புயல் வந்தால் எல்லாம் தள்ளிப் போகும். அப்படி ஒரு நெருக்கடியில் இருப்பவர்கள் ஹாலுக்கு மட்டும் டைலுக்கு மாறிக்கொள்ளலாம், ஈரத்தை அது ஓரளவு தாங்கும். மரத் தளம்தான் வேண்டும் என்றால், வெறும் சிமெண்ட் தரையிலேயே பாயை விரித்துப் பால் காய்ச்சிவிட்டு, மாசி வெயில் வந்ததும் பாலித்தீன் தாளை ஒட்டிப் பார்க்கலாம். பால் பொங்குவதற்கு வினைல் தேவையில்லை, அடுப்பு வைக்க ஒரு மூலை போதும்.